மதகை மூடாமல் தண்ணீர் இறைக்காதீர்கள்

“இனிமேல் தேவையில்லாமல் போனைத் தொடமாட்டேன்” என்று ஞாயிறு இரவு முடிவெடுப்பவர் திங்கள் காலை பத்து மணிக்குள் தோற்றுவிடுவார். அதற்காக அவருடைய மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து மணிக்கு வங்கியிலிருந்து ஓடிபி வருகிறது, போனை எடுத்தாக வேண்டும். எடுத்த கையோடு பார்த்தால் பள்ளிக்கூடக் குழுவில் நாளைக்குப் பிள்ளைக்கு மஞ்சள் உடுப்பு போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். குடியிருப்புச் சங்கக் குழுவில் தண்ணீர் லாரி வரும் நேரம் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே சித்தப்பா அனுப்பிய காலை வணக்கப் படம். அதற்கும் கீழே ஒரு அரசியல் சண்டை. போனைக் கீழே வைக்கும்போது நாற்பது நிமிடம் போயிருக்கும், ஓடிபியும் காலாவதியாகியிருக்கும்.

வேண்டிய நாலும் வேண்டாத நானூறும் ஒரே வாய்க்காலில் வருவதுதான் சிக்கல். முழுக்க அடைத்தால் பயிர் காய்கிறது, திறந்தே விட்டால் வயல் அழுகுகிறது. ஆகவே இந்தத் தகவல் வெள்ளத்திலிருந்து ஓய்வு எடுப்பது என்பது முதலில் ஒரு மதகு வேலை. எந்த வழியாக எது வரலாம், எப்போது வரலாம் என்று பிரித்து வைத்துவிட்டால் மன உறுதிக்கு அதிக வேலை இருக்காது. இதில் முக்கால்வாசி, ஓய்வு தொடங்குவதற்கு முந்தைய வாரமே முடிந்துவிட வேண்டியது.

எத்தனை நாள்? 15 நாள் நல்ல அளவு. ஒரு வாரம் போதாது, ஏனென்றால் முதல் மூன்று நாலு நாள் கை சட்டைப் பையைத் தேடுவதிலேயே போய்விடும். ஒரு மாதம் என்றால் நடுவில் கல்யாணம், பள்ளிக் கட்டணம், கரண்ட் பில் என்று விதிவிலக்குகள் சேர்ந்து விதியே கரைந்துவிடும். ஊர்த் திருவிழாவுக்குக் காப்பு கட்டுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கட்டும் நாளும் அவிழ்க்கும் நாளும் ஊருக்கே தெரியும். அதனால்தான் நடுவில் யாரும் பேரம் பேசுவதில்லை. “முடிந்தவரை குறைத்துக்கொள்கிறேன்” என்பதற்கு அவிழ்க்கும் நாளே கிடையாது, அதுதான் அதன் பலவீனம்.

தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையின் தேர்வு முடிவு வரும் வாரம், ஓட்டு எண்ணும் வாரம், வீட்டில் விசேஷம் உள்ள வாரம் ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மழை எச்சரிக்கைக்கு மட்டும் தனி வழி வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு நாள் கணக்கு

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு நாள் வெறுமனே எழுதுங்கள். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டு ஒன்றையும் பேனாவையும் போனோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரு சொல். கீழே வைக்கும்போது கடைசியாக எதில் இருந்தீர்கள் என்று இன்னொரு சொல். “மணி – ரீல்ஸ்.” “டார்ச் – வாட்ஸ்அப்.” “கால்குலேட்டர் – கிரிக்கெட் ஸ்கோர்.” இந்த ஜோடிகளில்தான் விஷயம் இருக்கிறது. நுழைந்த வாசல் வேறு, சிக்கிய அறை வேறு.

போனும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியில் ஒரு நாளில் எத்தனை முறை திறந்தீர்கள், எந்தச் செயலி எத்தனை நோட்டிஃபிகேஷன் அனுப்பியது என்பதெல்லாம் இருக்கும். ஐபோனில் ஸ்க்ரீன் டைமுக்குள் பிக்கப்ஸ் என்ற இடத்தில், போனை எடுத்ததும் முதலில் திறந்த செயலி எது என்பதும் தெரியும். மொத்த மணி நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். வண்டியில் மேப் ஓடிய இரண்டு மணி நேரமும், பிள்ளை பாட்டு கேட்ட ஒரு மணி நேரமும் அதில் சேர்ந்திருக்கும். எத்தனை முறை திறந்தீர்கள் என்பதும் எந்தச் செயலி அதிகம் கூப்பிட்டது என்பதும்தான் உபயோகமான எண்கள்.

இப்போது நோட்டில் உள்ளதை மூன்றாகப் பிரியுங்கள். தாமதமானால் நட்டம் தருவது ஒன்று. நாளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்பது இரண்டு. 15 நாளும் வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது என்பது மூன்று. ஓடிபி, வங்கிக் கணக்கில் பணம் எடுத்த தகவல், வீட்டுப் பெரியவர்களின் உடல்நிலை, மழை விடுமுறை அறிவிப்பு ஆகியவை முதல் வகை. பள்ளிக் குழு, சங்கக் குழு, அலுவலக மின்னஞ்சல் இரண்டாவது. மீதி எல்லாம் மூன்றாவது.

இந்தப் பிரிப்பில் எல்லாரும் வழுக்கும் இடம் செய்திதான். நாட்டு நடப்பை முதல் வகையில் போட்டுவிடுவார்கள். ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது தெரிந்தால் இன்று பொழுது சாய்வதற்குள் செய்யப்போகும் காரியம் ஏதாவது மாறுமா? நாளை கனமழை என்றால் மாறும். கூட்டணிப் பேச்சுவார்த்தை இழுபறி என்றால் மாறாது. அதை நாளைக் காலைப் பேப்பரில் படித்துக்கொள்ளலாம், அதற்குள் அந்த இழுபறியே முடிந்துகூட இருக்கும்.

முதல் வகை முழுவதும் அழைப்பு அல்லது எஸ்எம்எஸ் வழியாக மட்டும் வரும்படி செய்துவிட வேண்டும். அப்படி வராததை மாற்றிக்கொள்ளுங்கள். வகுப்பில் இன்னொரு பிள்ளையின் அம்மாவிடமோ அப்பாவிடமோ “குரூப்ல அவசரமா ஏதாவது வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க, 15 நாளைக்கு மட்டும்” என்று கேட்டுக்கொண்டால் பள்ளிக் குழுவின் முக்கால் பாரம் இறங்கிவிடும்.

வாட்ஸ்அப்: இங்கேதான் அதிக வேலை

நம் ஊரில் தகவல் வெள்ளம் என்றால் அதில் பெரும்பங்கு வாட்ஸ்அப் குழுக்கள்தான். 2022-இல் ஒரு குழுவில் இருக்கக்கூடியவர்களின் வரம்பு 1,024 ஆக உயர்ந்தது. ஒரு குழுவில் ஆயிரம் பேர், ஆளுக்கு ஒரு காலை வணக்கம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

செயலியை நீக்குவது தீர்வாகாது. பேக்கப் எடுக்காமல் நீக்கினால் பழைய உரையாடல்கள் போய்விடும், பேக்கப் எடுத்தாலும் 15 நாளுக்குள் யாராவது லொக்கேஷன் அனுப்பச் சொல்வார்கள். குழுவை விட்டு வெளியேறுவதையும் இப்போது செய்ய வேண்டாம், கடைசியில் பார்க்கலாம். செய்ய வேண்டிய வரிசை இது.

முதலில் செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குப் போய் “கீப் சாட்ஸ் ஆர்க்கைவ்ட்” என்பது இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்காவிட்டால் நீங்கள் ஆர்க்கைவில், அதாவது முகப்புப் பட்டியலில் தெரியாமல் ஒதுக்கிவைக்கும் இடத்தில், தள்ளிய குழு, புதிய செய்தி வந்ததும் தலையை நீட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். பலர் “ஆர்க்கைவ் போட்டேன், வேலை செய்யவில்லை” என்பதற்கு இதுதான் காரணம். பிறகு இரண்டாம், மூன்றாம் வகைக் குழுக்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்து ஆர்க்கைவில் தள்ளுங்கள். மேலே நிற்க வேண்டியது நாலைந்து பேர்தான். அவர்களில் மூவரைப் பட்டியலின் உச்சியிலேயே நிற்கும்படி “பின்” செய்து வையுங்கள்.

ஆர்க்கைவில் இருந்தாலும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு அழைத்தாலோ, உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ மட்டும் நோட்டிஃபிகேஷன் வரும். அது நல்லதுதான். ஆனால் ஓய்வு தொடங்குவதற்கு முந்தைய நாள் குழுவில் ஒரு கேள்வியையோ கருத்தையோ போட்டுவிட்டு வராதீர்கள். 15 நாளும் அதற்குப் பதில் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்து செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா. மீடியா ஆட்டோ டவுன்லோட் என்பதன் கீழ் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றிலும் படம், ஒலி, வீடியோ, ஆவணம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தானாக இறங்காத படம் மங்கலாகத்தான் தெரியும். மங்கலான காலை வணக்கத்தை யாரும் தொட்டுத் திறப்பதில்லை. ஆண்ட்ராய்டில் சாட்ஸ் பகுதியில் மீடியா விசிபிலிட்டியையும் அணைத்தால் அவை கேலரிக்குள் வந்து குடும்பப் படங்களோடு கலக்காது.

நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் ரியாக்ஷன் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். நீங்கள் போட்ட செய்திக்கு யாரோ ஒரு பெருவிரலைக் காட்டினார் என்பதற்காகப் போன் அதிர வேண்டியதில்லை. பிரைவசியில் குரூப்ஸ் என்பதைத் திறந்து, உங்களைக் குழுவில் சேர்க்கக்கூடியவர்கள் “மை காண்டாக்ட்ஸ்” மட்டும் என்று மாற்றுங்கள். தேர்தல் சமயத்திலும் மனை விற்பனைப் பருவத்திலும் இது உங்களைக் காக்கும்.

கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருந்தால் இத்தனையும் வீண். லிங்க்டு டிவைசஸ் போய் எல்லாவற்றையும் லாக் அவுட் செய்யுங்கள். அதுவும் ஒரு மதகு, பெரும்பாலானவர்கள் மறப்பதும் இதைத்தான்.

இரண்டாம் வகைக் குழுக்களை நாளுக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில் பாருங்கள். மாலை ஏழு மணி நல்லது, நாளைக்குப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தாலும் கடை திறந்திருக்கும். இரவு பத்து மணிக்குப் பார்த்தால் சார்ட் பேப்பருக்கு எங்கே போவீர்கள்? பதினைந்து நிமிடம் போதும். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களிடம் சொல்வது இதில் பாதி வேலை. சொல்லாமல் மறைந்தால் மூன்றாம் நாள் “என்னப்பா, உடம்பு சரியில்லையா, கோபமா?” என்று ஒரு சுற்று வரும். முதல் நாளே ஆளுக்கு ஒரு வரி: “சித்தப்பா, வர்ற 15 நாள் வாட்ஸ்அப் பக்கம் அதிகமா வரமாட்டேன். ஏதாவதுன்னா போன் பண்ணுங்க.” காரணம் விளக்க வேண்டாம், விளக்கினால் அவர் உங்களுக்குத் தகவல் வெள்ளத்தின் தீமைகள் பற்றி நாலு வீடியோ அனுப்புவார். வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, தினம் அனுப்பும் படத்துக்குப் பதில் வருவதுதான் நீங்கள் நலம் என்பதற்கு அடையாளம். அதை நிறுத்தும்போது அதற்குப் பதிலாகத் தினமும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிட அழைப்பு என்று வைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் ஓய்வு வீட்டில் சண்டையாகத்தான் முடியும்.

போனில் மற்ற வாசல்கள்

எத்தனை மூடினாலும் திறந்து கிடக்கும் சில வாசல்கள் உண்டு. முகப்புத் திரையை வலப்பக்கமாகத் தள்ளினால் பல ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் செய்திப் பட்டியல் வரும். திரையில் வெறுமையான இடத்தை அழுத்திப் பிடித்து ஹோம் செட்டிங்ஸில் அதை அணைக்கலாம். குரோமில் புதிய பக்கம் திறந்ததும் கீழே வரும் கட்டுரைகளும் அதே சரக்குதான், அங்கேயே இருக்கும் பற்சக்கரக் குறியில் அணைக்கலாம். சில போன்களில் பூட்டுத் திரையிலேயே கிளான்ஸ் என்ற பெயரில் படமும் துணுக்கும் மாறிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் லாக் ஸ்க்ரீன் பகுதியைப் பாருங்கள். மணி பார்க்கப் போனவரை உள்ளே இழுப்பது பெரும்பாலும் இதுதான். எப்போதோ “அலவ்” தட்டிய செய்தித் தளங்கள் குரோம் வழியாக அனுப்பும் அறிவிப்புகள் வேறு. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் திறந்தால் அனுமதி பெற்ற தளங்கள் இருக்கும், ஒன்றுவிடாமல் நீக்கலாம்.

பிறகு செயலிவாரியாக நோட்டிஃபிகேஷன். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே செயலிக்குள்ளும் வகை வகையாக அணைக்க முடியும். உணவு கொண்டுவரும் செயலியில் ஆர்டர் நிலவரத்தை விட்டுவிட்டு “இன்று பிரியாணிக்குத் தள்ளுபடி” வகையை மட்டும் நிறுத்தலாம். சோம்பலாக இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அழைப்பு, எஸ்எம்எஸ், வங்கி, அலாரம், நாட்காட்டி இவை ஐந்தை மட்டும் திறங்கள். முதல் முறை செய்பவருக்கு அதுதான் எளிது.

இரவுக்கு டூ நாட் டிஸ்டர்ப். அதில் பீப்பிள் பகுதியில் அழைப்புகளுக்கு “ஸ்டார்டு காண்டாக்ட்ஸ்” மட்டும் என்று வைத்து, வீட்டார் எண்களுக்கு நட்சத்திரம் போடுங்கள். ரிப்பீட் காலர்ஸ் என்பதையும் இயக்குங்கள். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். ஐபோனில் அந்த இடைவெளி 3 நிமிடம். நட்சத்திரம் போடாத எண்ணிலிருந்து ஆஸ்பத்திரி அழைத்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கு இதுவே பதில். இந்தப் பயம் தீராதவர் நள்ளிரவில் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

எஸ்எம்எஸ்ஸில் விளம்பரம் குவிந்தால் ஆங்கில எழுத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்புங்கள். விளம்பரம் நிற்கும், ஓடிபியும் வங்கித் தகவலும் நிற்காது. அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஆங்கில எழுத்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. பி-யைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

ரீல்ஸ் போன்ற சுருள் வீடியோக்களுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது, என் கருத்தில், பெரிய உபயோகம் தராது. பூட்டியவரிடமே சாவி இருக்கிறது, “இன்னும் பதினைந்து நிமிடம்” என்று தட்டினால் திறந்துகொள்ளும். இந்த 15 நாளுக்குச் செயலியை எடுத்துவிடுவதே மேல். இன்ஸ்டாகிராமை நீக்கினால் கணக்கு போகாது, ஆனால் போனில் சேமித்து வைத்த டிராஃப்ட் போய்விடும், முன்பே பதிவிட்டுவிடுங்கள் அல்லது வெளியே எடுத்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: செயலியை நீக்குவதும் கணக்கை முடக்குவதும் வேறு. ஃபேஸ்புக்கில் முடக்கிய கணக்கு அப்படியே காத்திருக்கும். எக்ஸ் தளத்தில் முடக்கிய கணக்கு 30 நாளில் நிரந்தரமாக நீக்கப்படும். வேகத்தில் அதைத் தட்டிவிட்டு மறந்தவர்கள் உண்டு. யுபிஐ செயலிகளை நீக்காதீர்கள், திரும்பச் சரிபார்க்கும் தலைவலி வரும்.

யூடியூப் பல போன்களில் நீக்க முடியாதபடி வரும், செயலித் தகவல் பக்கத்தில் டிஸேபிள் செய்யலாம். சமையல் குறிப்புக்கும் பாடத்துக்கும் அது வேண்டும் என்பவர்கள் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து, பதிவாவதையும் நிறுத்திவிடுங்கள். முகப்பில் பரிந்துரை வராமல் தேடும் கட்டம் மட்டும் நிற்கும். தேடியது மட்டும் கிடைக்கும். பாதியில் விட்ட வீடியோ நினைவில் இருக்காது என்பது இதன் இழப்பு, வேண்டியவற்றை முன்பே பிளேலிஸ்ட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோபிளேயையும் அணையுங்கள்.

ஏன் இத்தனை பாடு என்று தோன்றினால், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த முடிவில்லாச் சுருளை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பக்கத்தின் அடியில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அடுத்த பக்கம் போகலாமா என்று ஒரு நொடி யோசிக்க இடமிருந்தது. அந்த நொடியைத்தான் எடுத்துவிட்டார்கள். இங்கே நாம் செய்வதெல்லாம் அந்த நொடியைத் திருப்பி வைப்பதுதான்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொல்வார்கள். சிலருக்கு நாலைந்து நாள் உதவும், பிறகு கண் பழகிவிடும். மேப்பில் நெரிசலின் நிறம் தெரியாது, பிள்ளையின் வரைபடப் பாடம் குழம்பும். பெரிதாக நம்ப வேண்டாம்.

செய்திக்கு ஒரு வேளை

செய்தியை முழுக்க விட வேண்டியதில்லை. முடிகிற செய்தியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். காலைப் பேப்பர் கடைசிப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. வானொலியில் காலை 6.45 மாநிலச் செய்தி ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. இரண்டில் ஒன்று போதும். வீட்டுக்குப் பேப்பர் போடாதவர்கள் கிளை நூலகத்தின் நாளிதழ் மேசையில் அரை மணி நேரம் படித்துவிட்டு வரலாம். காசும் இல்லை, கருத்துப் பெட்டியும் இல்லை.

டிவி விவாத நிகழ்ச்சி மட்டும் கூடாது. போனை மூடியவர்கள் மூன்றாம் நாளில் போய்ச் சேருகிற இடம் அதுதான், போன் திரையை விட்டு டிவி திரைக்கு மாறிவிட்டு ஓய்வில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

மழை, புயலுக்குத் தனி வழி என்றேன். போனின் செட்டிங்ஸில் வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட் இயங்கட்டும், அரசின் டிஎன்-அலர்ட் செயலியின் அறிவிப்பையும் விட்டுவையுங்கள். மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. புயலின் பாதையை மணிக்கு நாலு முறை வரைபடத்தில் பார்ப்பதால் புயல் திரும்பாது. எச்சரிக்கை வந்தால் தண்ணீர் பிடித்து, பவர் பேங்க் சார்ஜ் போட்டு வைப்பதுதான் செய்யக்கூடியது.

அலுவலக மின்னஞ்சலை விட முடியாதவர்கள் மூன்று வேளை வையுங்கள்: வந்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், கிளம்ப ஒரு மணி நேரம் முன். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே வரும் என்பதை 2009-இல் சோஃபி லெராய் ஆராய்ந்து எழுதினார். இடையிடையே எட்டிப் பார்ப்பதன் விலை அதுதான். விளம்பர மின்னஞ்சல்களை ஒழிக்க, தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் அன்சப்ஸ்க்ரைப் என்று தேடுங்கள், வரிசையாக வந்து நிற்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் விளம்பரம் அனுப்புவோர் ஒரே தட்டில் விலகும் வசதி தந்தாக வேண்டும். தெரியாத ஆள் அனுப்பியதில் மட்டும் அதைத் தட்டாதீர்கள், ஸ்பாம் என்று தள்ளுங்கள். தட்டினால் உங்கள் முகவரி உயிரோடு இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை

நோட்டில் எழுதிய முதல் சொற்களை மறுபடி பாருங்கள். மணி, டார்ச், கால்குலேட்டர், தேதி, ராகு காலம், அலாரம். ஒவ்வொன்றும் ஒரு வாசல். ஒவ்வொன்றையும் போனுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். ஒரு மணிக்கட்டுக் கடிகாரம். ஓர் அலாரக் கடிகாரம், முள் ஓடும் சத்தம் கேட்காததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் மூன்றாம் இரவு அதை அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போனைத் தேடுவீர்கள். சமையலறையில் ஒரு முடுக்கும் டைமர். கரண்ட் போனால் எடுக்க ஒரு டார்ச், கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியது. தேதி கிழிக்கும் காலண்டர் நல்ல நேரம், எமகண்டம், முகூர்த்த நாள், அரசு விடுமுறை எல்லாவற்றுக்கும் போதும். அதன் பின்பக்கம் மளிகைப் பட்டியலுக்கு ஆகும்.

சுவரில் ஒரு அட்டையில் எண்கள்: வீட்டார் எண்கள், கேஸ், பால்காரர், பள்ளி, 112, 108, மின்தடைக்கு 1912, இணையப் பண மோசடிக்கு 1930. கேஸ் எண்ணைத் தேடி வாட்ஸ்அப்பைத் திறப்பதுதான் பலருக்கு ஐந்தாம் நாள் சறுக்கல்.

போனுக்கு ஓர் இடம் குறியுங்கள், படுக்கையறைக்கு வெளியே, சார்ஜரோடு. கூடத்து அலமாரியின் மேல் தட்டு நல்லது. உட்கார நாற்காலி அருகில் இருக்கக் கூடாது, நின்றுகொண்டு பார்த்தால் கால் வலிக்கும், சீக்கிரம் முடித்துவிடுவீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் ஓய்வில் இருந்து மற்றவர் பக்கத்தில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அங்கேதான் போகும். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற ஊரில் 2022 ஆகஸ்ட் 15 முதல் மாலை ஏழு மணிக்குச் சைரன் ஒலித்து, ஒன்றரை மணி நேரம் ஊர் முழுக்க டிவியையும் போனையும் அணைத்துவைக்கும் வழக்கம் தொடங்கியது. அங்கே அது நடந்ததற்குக் காரணம் எல்லாரும் ஒரே நேரத்தில் அணைத்ததுதான். வீட்டிலும் இரவுச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் எல்லாருடைய போனும் அதே தட்டில் என்று பேசிக்கொள்ளுங்கள். தொடங்க வேண்டியது பெரியவர்கள் போனிலிருந்து.

காலியான நேரம் எங்கே விழும் என்று நோட்டைப் பார்த்தாலே தெரியும்: எழுந்ததும் அரை மணி, பேருந்துப் பயணம், இரவு ஒன்பதிலிருந்து பத்தரை. இந்த மூன்றுக்கும் தலா ஒரு பொருளை அந்தந்த இடத்திலேயே வையுங்கள். தலையணைக்கு அருகில் அச்சுப் புத்தகம், பையில் மாதப் பத்திரிகை, காலையில் செடிக்கு ஊற்றும் பூவாளி. கையை உபயோகிக்கும் வேலை நன்றாக ஒட்டும்: கீரை ஆய்வது, பூ தொடுப்பது, சைக்கிள் துடைப்பது. “இந்த 15 நாளில் வயலின் கற்றுக்கொள்ளப் போகிறேன்” வகைத் திட்டம் நான்காம் நாள் விழும், விழுந்த இடத்தில் போன் வந்து உட்காரும். ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்கும் இடம் விடுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள் கை தானாகப் பையைத் தடவும், அடிக்காத மணி அடித்ததாகத் தோன்றும். அது பழக்கத்தின் மிச்சம். நடுவில் ஒருநாள் சறுக்கி ஒரு மணி நேரம் போய்விட்டால், எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள் என்று நோட்டில் எழுதி, அதை மூடிவிட்டுத் தொடருங்கள். காப்பை அவிழ்த்துவிட்டு “அடுத்த மாதம் முதல்” என்று தள்ளிப்போடாதீர்கள்.

பதினாறாம் நாள்

பெரும்பாலான ஓய்வுகள் கெடுவது பதினாறாம் நாள் காலையில். விட்டதையெல்லாம் படித்துவிட உட்கார்ந்தால் ஒரே நாளில் 15 நாள் வெள்ளமும் வீட்டுக்குள் வந்துவிடும். ஆர்க்கைவில் உள்ள குழுக்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் படித்ததாகக் குறித்துவிடுங்கள். பின்னோக்கி உருட்ட வேண்டாம். கல்யாணமோ துக்கமோ இருந்திருந்தால் யாராவது போன் செய்திருப்பார்கள்.

நீக்கிய செயலிகளை மூன்று நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் திரும்பக் கொண்டுவாருங்கள். எது எதற்கு வேண்டும் என்று நோட்டில் ஒரு வரி எழுத முடிந்தால் மட்டும். “எல்லாரும் அதில் இருக்கிறார்கள்” என்பது வரி ஆகாது. “அக்கா மகள் படங்கள் அதில்தான் வரும், ஞாயிறு காலை” என்பது ஆகும். நோட்டிஃபிகேஷனை மட்டும் திரும்பத் திறக்கவே வேண்டாம்.

15 நாளில் ஒருமுறைகூடத் திறக்கத் தோன்றாத குழுக்களிலிருந்து இப்போது விலகலாம். 2022 முதல் விலகுவது குழு முழுவதற்கும் அறிவிக்கப்படுவதில்லை, அட்மினுக்கு மட்டும் தெரியும். ஆனால் விலகியவர் பட்டியல் 60 நாள் வரை குழுத் தகவலில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். சித்தப்பா அட்மினாக உள்ள குடும்பக் குழுவை அதனால் ஆர்க்கைவிலேயே விட்டுவிடுங்கள்.